வாசகர் கேள்வி: ஐம்பது மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டு எதற்கு?

கேள்வி: கொலன்னாவைப் பக்கம் களனி கங்கையில் விழும் ஒரு சிறு கால்வாயின் வெள்ளச் சமவெளியை ஆராயும் வேலை எங்கள் நிறுவனத்துக்குக் கிடைத்திருக்கிறது. ஐம்பது மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டு (கால்வாயைக் கரைக்குக் கரை குறுக்கே அளந்த வடிவம்) எடு என்கிறார் மேலதிகாரி. பணம் முழுக்க சர்வேக்கே போய்விடும் போலிருக்கிறது. எதை முதலில் அளப்பது, எப்போது கணிப்பைத் தொடங்குவது? – இளம் பொறியியலாளர், தெமட்டகொடை

பதில்: அந்த ஐம்பது மீட்டரை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள் தம்பி. முதலில் எந்த வெள்ளத்தை ஆராய்கிறீர்கள் என்று தெரிய வேண்டும். 2010 நவம்பரில் ஒரே இரவில் கொட்டிய மழை நகருக்குள்ளேயே தேங்கி, பாராளுமன்ற வளாகம் வரை மூழ்கடித்தது. 2016 மே மாதத்தில் களனி பெருகி கொலன்னாவைக்கும் வெல்லம்பிட்டிக்கும் உள்ளே வந்தது. முதல் வகையில் கால்வாய் எவ்வளவு தண்ணீரைக் கடத்தும் என்பது பெரிய கேள்வி. இரண்டாவதில் கங்கை உயர்ந்து நிற்பதால் கால்வாய்த் தண்ணீருக்குப் போக வழியே இல்லை, அங்கே பெய்யும் மழையைக் கால்வாயோரச் சதுப்பு நிலம் எவ்வளவு பிடித்து வைக்கும் என்பதுதான் கணக்கு, அதற்கு நேரத்தோடு மாறாத ஓட்டத்தைப் போட்டுக் கணித்தால் விடை சரியாக வராது.

சரி, இனி சர்வேக்கு முன்னாலேயே வெள்ளத்தைக் கணிக்கும் ஒரு கரடுமுரடான கணினி மொடல் போடுங்கள். அதற்கான ஹெக்-ராஸ் (HEC-RAS) மென்பொருள் இலவசம்தான். கையிலிருக்கும் தரைமட்டத் தரவைப் போட்டு, மதகுகளுக்கு ஊக அளவு கொடுத்து ஓட்டுங்கள். அப்புறம் ஒவ்வொன்றாக அசைத்துப் பாருங்கள்: கால்வாய் ஓட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் மானிங் எண்ணை 0.03இலிருந்து 0.06க்கு ஏற்றுங்கள் (ஆகாயத்தாமரை மண்டிய கால்வாய்க்கு அதுவும் போதாமல் போகலாம்), மதகை ஒடுக்குங்கள், கங்கை மட்டத்தை அரை மீட்டர் உயர்த்துங்கள். எதைத் தொட்டால் வீடுகளுக்குப் பக்கத்தில் நீர்மட்டம் அதிகம் ஏறுகிறதோ, சர்வேக் காசு அங்கே போகட்டும்.

அநேகமாக அது பாலத்திலும் மதகிலும்தான் போய் நிற்கும். கால்வாய்த் தரையின் மட்டம், பாலத் தட்டின் கீழ்விளிம்பு, வீதியின் மட்டம், குறுக்கே ஓடும் நீர்க்குழாய் எல்லாவற்றையும் விடாமல் எடுங்கள், ஓட்டத்தின் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் தலா இரண்டு குறுக்குவெட்டு சேர்த்து. அடுத்தது கால்வாய் விழும் வாய், அங்குள்ள கதவு. இப்படிச் சரிவே இல்லாத கால்வாயில் கீழ்முனை மட்டம் மேலே வெகுதூரம் வரை ஆளும். பிறகு கரையும் வீதியும் எங்கே தாழ்ந்திருக்கின்றன என்று பாருங்கள், ஒரு சாண் வித்தியாசம் எந்த ஒழுங்கைக்குள் தண்ணீர் போகும் என்பதையே மாற்றிவிடும். ஒரே மாதிரி நேராக ஓடும் பகுதிக்கு 150, 200 மீட்டருக்கு ஒன்று போதும். ட்ரோன் படத்தை மட்டும் நம்பாதீர்கள், அதற்குத் தண்ணீருக்கு அடியில் கண் தெரியாது. கோலை இறக்கித்தான் பார்க்க வேண்டும், சேற்றின் மேல்மட்டத்தையும் அதற்குக் கீழே உறுதியான தரையையும் தனித்தனியாகக் குறியுங்கள்.

ஒன்று மறந்தேன்: எல்லா லெவலும் ஒரே பெஞ்ச்மார்க்கிலிருந்து (உயரம் தெரிந்த குறிப்புப் புள்ளி) வரட்டும். களனியின் மட்டத்தை அளக்கும் நாகலகம் வீதி நீர்மானி அடிக்கணக்கில் காட்டும், அதன் பூச்சியம் கடல்மட்டத்தோடு எப்படிப் பொருந்துகிறது என்று பார்க்காமல் மீட்டராக மாற்றிப் போட்டால் மொடல் முழுவதும் சாய்ந்துவிடும். மேலதிகாரியிடம் வாதாடத் தேவையில்லை, முதலில் ஓட்டிய அந்த மொடலின் படத்தைக் காட்டுங்கள்.

கேள்வி: 2016இல் எங்கள் வீட்டில் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று ஆய்வுக்காரர் வந்து கேட்கிறார்கள். சொன்னால் காணி விலை விழாதா? – இல்லத்தரசி, வெல்லம்பிட்டி

பதில்: வாங்க வருபவர் பக்கத்து வீட்டில் விசாரிக்காமலா வாங்கப்போகிறார், அக்கா? தாராளமாகச் சொல்லுங்கள், ஆனால் 'முழங்கால் அளவு' என்று சொல்லாதீர்கள், யாருடைய முழங்கால் என்று அவர்களுக்குத் தெரியாது. சுவரில் விரலை வைத்துக் காட்டுங்கள், அவர்கள் லெவல் எடுத்துக்கொள்வார்கள். மொடல் சரியாகக் கணிக்கிறதா என்று பார்க்க அவர்களுக்கு அந்தக் கோட்டைவிட நல்ல சாட்சி கிடையாது. அது தண்ணீர் உச்சத்தில் நின்ற கோடா, வடியும்போது தங்கிய கறையா என்பதையும் நினைவிருந்தால் சொல்லுங்கள். அடுத்த தடவை வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க முன்னர், கறை இன்னும் இருந்தால், பக்கத்தில் அடிமட்டம் வைத்து ஒரு படம் எடுத்துவிடுங்கள்.