நட்சத்திரப் பேஸ்ட்ரி குவிந்துபோவது ஏன்?

குடியாத்தம் சகோதரிக்கு வணக்கம். மகளின் விளையாட்டுச் சமையலறைக்காகக் குரோஷே (கொக்கி ஊசியால் நூல் பின்னும் கலை) முறையில் பின்னும் நட்சத்திரப் பொம்மைப் பேஸ்ட்ரியின் நடுவட்டம் கிண்ணம்போலக் குவிவதாகவும், ஓட்டைகள் வழியே பஞ்சு தெரிவதாகவும் எழுதியிருந்தீர்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

உங்கள் செய்முறை பிரிட்டிஷ் முறையில் எழுதப்பட்டது என்றீர்கள். அதில் 'டபுள் குரோஷே' என்பது, நம்மில் பலர் காணொளி பார்த்துக் கற்ற அமெரிக்க முறையின் 'சிங்கிள் குரோஷே'தான். ஊசியைத் தையலுக்குள் நுழைக்கும் முன்பே நூலைச் சுற்றிக்கொள்கிறீர்கள் என்றால், உயரமான தையலைப் போடுகிறீர்கள். அதன் இடைவெளிகளில்தான் பஞ்சு தெரிகிறது; மேலும் அதற்குச் சுற்றுக்குச் சுமார் 12 தையல் கூட்ட வேண்டியிருக்க, நீங்கள் 6 மட்டுமே கூட்டுவதால் விளிம்பு இழுபட்டுக் குவிகிறது. காட்பாடியில் நான் பின்னிய முதல் நட்சத்திரமும் அகல்விளக்காகத்தான் முடிந்தது.

ஆகவே பிரித்துவிட்டு, நூலைச் சுற்றாமல் நுழைத்து, சுற்றுக்கு 6 தையல் கூட்டி, 6, 12, 18, 24, 30 தையல் என்று ஐந்து சுற்று போடுங்கள். முப்பதை ஐந்தாகப் பிரித்தால் முனைக்கு 6 தையல். ஒவ்வொரு முனையையும் திருப்பித் திருப்பிப் பின்னி, வரிசைக்கு ஒன்றாகக் குறைத்து ஒரே தையலில் முடிக்கலாம். இப்படி இரண்டு நட்சத்திரம் செய்து, பஞ்சை முனைகளில் முதலில் திணித்து, இரண்டையும் சேர்த்துத் தைத்துவிடுங்கள். சாதாரண அக்ரிலிக் நூலுக்கு 2.5 மி.மீ. ஊசி போதும், கை சற்று வலிக்கும், ஆனால் பஞ்சு தெரியாது.

பேஸ்ட்ரியின் மேலே வைக்கும் செர்ரிக்குப் பாசிமணி வேண்டாம். குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும், சிவப்பு நூல் முடிச்சே நல்லது.