அமெரிக்காவில் அக்டோபரில் வரும் கொலம்பஸ் தின விடுமுறைக்கு இவ்வளவு எதிர்ப்பு ஏன்? இன்றைய நியாயத்தை வைத்து 500 வருடத்துக்கு முந்தைய மனிதரை எடைபோடலாமா?

அந்தக் காலத்து நியாயப்படியே அவர் தேறவில்லை. 1500-இல் ஸ்பெயின் அரசு அனுப்பிய போபாடியா என்ற அதிகாரி, கரீபியத் தீவுகளில் ஆளுநராக இருந்த கொலம்பஸின் நிர்வாகம் பற்றிய புகார்களை விசாரித்து அவரை விலங்கு பூட்டிக் கப்பலேற்றினார். ஸ்பெயின் போனதும் விடுதலை கிடைத்தது. ஆளுநர் பதவி திரும்பக் கிடைக்கவே இல்லை.

இன்றைய ஹைட்டியும் டொமினிக்கன் குடியரசும் இருக்கும் தீவின் பூர்வகுடிகளான தாய்னோ மக்களுக்கு அவர் ஒரு வரி போட்டார். தங்கம் கிடைக்கும் பகுதியில் 14 வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வேட்டைப் பருந்தின் காலில் கட்டுகிற சின்ன மணி நிறையத் தங்கத்தூள் கொடுக்க வேண்டும். கொடுத்தவருக்கு அடையாளமாக ஒரு உலோக வில்லை தருவார்கள்; அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே திரிய வேண்டும். வில்லை இல்லாமல் பிடிபட்டால் தண்டனை. இதையெல்லாம் எழுதிவைத்தவர் கொலம்பஸின் சொந்த மகன் ஃபெர்னாண்டோ. 1495-இல் சுமார் 550 பேரை அடிமைகளாக ஸ்பெயினுக்கு அனுப்பினார்கள்; ஏறத்தாழ 200 பேர் வழியிலேயே செத்தார்கள். எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு மனசு கனத்துவிடும்.

சரி, அப்புறம் எப்படி விடுமுறை வந்தது? 1891-இல் நியூ ஆர்லியன்ஸில் ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து 11 இத்தாலியர்களைக் கொன்றது. மறு வருடம், கொலம்பஸ் அமெரிக்கா வந்த 400-ஆம் ஆண்டு நிறைவுக்காக ஜனாதிபதி ஹாரிசன் நாடு முழுக்கக் கொண்டாடச் சொன்னார். 'நாங்களும் இந்த நாட்டுக்காரர்கள்தான்' என்று சொல்ல இத்தாலியர்களுக்குக் கிடைத்த பெயர் கொலம்பஸ். நியூ ஜெர்சியில் என் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு இன்றும் அது அவருடைய தாத்தாவின் நாள். அவருடைய வருத்தத்தை என்னால் தட்டிக்கழிக்க முடியாது.

ஆனாலும் அந்த நாள் பூர்வகுடிகளுக்குப் போவதுதான் நியாயம் என்று நினைக்கிறேன். கொலம்பஸைப் பற்றிய சான்றுகள் பெரும்பாலும் பழையவைதான். பூர்வகுடிகள் சொல்வதை மற்றவர்கள் காதுகொடுத்துக் கேட்க ஆரம்பித்ததுதான் புதுசு. 1977-இல் பூர்வகுடிகளுக்கு எதிரான பாகுபாடு பற்றி ஜெனீவாவில் நடந்த மாநாட்டில் இந்தக் கோரிக்கை எழுந்தது. 1990-இல் தெற்கு டகோட்டா மாநிலமும், 1992-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரமும் பெயரை மாற்றின. 2020-இல் பால்டிமோரில் அவர் சிலையைத் துறைமுகத் தண்ணீரில் தள்ளினார்கள். 2021-இல் பைடன் பூர்வகுடிகள் தினத்தையும் சேர்த்து அறிவித்தார். 2025-இல் டிரம்ப் கொலம்பஸ் தினத்தை மட்டும் அறிவித்தார்.

நியூயார்க் நகரப் பள்ளி நாட்காட்டி 2021-இல் எடுத்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த நாளுக்கு இத்தாலியப் பாரம்பரிய தினம், பூர்வகுடிகள் தினம் என்று இரண்டு பெயர்களையும் சேர்த்துப் போட்டார்கள். மத்திய அரசுச் சட்டத்தில் மட்டும் இன்னும் கொலம்பஸ் தினம்தான். அதை மாற்ற நாடாளுமன்றம்தான் சட்டம் போட வேண்டும்.