பி0401 வந்ததும் வால்வை மாற்ற வேண்டுமா?

சுங்கை சிப்புட் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "செம்பனைத் தோட்டத்தில் உரமூட்டை ஏற்றும் டீசல் பிக்அப். மேட்டில் இழுக்கவில்லை, கரும்புகை விடுகிறது, எஞ்சின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் பி0401 வந்தது. வொர்க்‌ஷாப்பில் ஈஜிஆர் வால்வை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?"

கொஞ்சம் பொறுங்கள். வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்குள் விடுவதுதான் ஈஜிஆர் வால்வு. அப்படித் திரும்பி வரும் புகை போதவில்லை என்று சொல்லும் கோளாறுக் குறியீடுதான் பி0401. வால்வு கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை. மின்சுற்றில் கோளாறு என்றால் பி0403 வரும்.

முதலில் டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் ரப்பர் குழாய்களைப் பாருங்கள். எண்ணெய்க் கசிவு தெரிந்தால் அந்த இடத்தில் கிழிசல் இருக்கலாம். கரும்புகைக்கும் இழுவைக் குறைவுக்கும் அது ஒன்றே போதும்.

அப்புறம் வால்வு. உங்களுடையது வாக்குவம் வகை, அதாவது காற்றை உறிஞ்சும் விசையால் திறப்பது என்றால், அதில் மாட்டியுள்ள சிறு குழாயைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கை வாக்குவம் பம்பை மாட்டுங்கள். எஞ்சின் சூடாகி ஐடிலில் ஓடட்டும். பம்பை இழுத்ததும் வால்வின் தண்டு மேலேறி அப்படியே நிற்க வேண்டும். பம்பின் முள் இறங்கிக்கொண்டே போனால் வால்வின் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிந்திருக்கிறது. அப்போது வால்வை மாற்றுவது நியாயம். தண்டு ஏறியும் எஞ்சின் சத்தத்தில் மாற்றமே இல்லையா? புகை வரும் வழி அடைத்திருக்கிறது. தண்டு நன்றாக வேலை செய்து, எஞ்சின் சத்தமும் மாறினால், வெடித்த வாக்குவம் குழாயையோ, வாக்குவத்தைத் திறந்து மூடும் மின்கருவியான சோலினாய்டையோ சந்தேகப்படுங்கள். மின்சார வால்வு என்றால், கணினி கேட்கும் திறப்பும் வால்வு காட்டும் திறப்பும் ஒத்துப்போகின்றனவா என்று ஸ்கேனரிலேயே பார்க்கலாம். திறக்கும்போது காற்று சென்சார் அளவு குறைய வேண்டும்.

உங்கள் வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது அடைப்பைத்தான். தோட்டத்து மண்சாலையில் நாள் முழுக்க மெதுவாக ஓடி, நின்று நின்று போகும் டீசலில் கரியும் எண்ணெய் ஆவியும் கலந்து, எஞ்சினுக்குள் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டில் தார் போலப் படிந்துவிடும். அதைக் கழற்றிச் சுரண்டி, கார்புரேட்டர் கிளீனரால் கழுவி, புது கேஸ்கெட் போட்டுப் பூட்டச் சொல்லுங்கள். மின்சார மோட்டார் மீதும் சென்சார் மீதும் கிளீனர் படக்கூடாது. அதன்பின் ஸ்கேனரில் அந்தக் குறியீட்டை அழித்து, ஓட்டிவிட்டு, மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்.

ஈஜிஆர் வழியைத் தகடு வைத்து அடைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். புகை ஓட்டம் அடியோடு நின்றுவிடுவதால் அதே பி0401 திரும்ப வரும், நைட்ரஜன் ஆக்சைடு என்ற மாசும் கூடும்.

ரேடியேட்டர் தண்ணீர் காரணமில்லாமல் குறைந்து வெண்புகையும் வந்தால், திரும்பி வரும் புகையைத் தண்ணீரால் குளிர்விக்கும் ஈஜிஆர் கூலர் ஓட்டையாகியிருக்கலாம். அந்த நிலையில் வண்டியை ஓட்டாமல், முதலில் கூலரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.