12க்கு 10 அடி அறையில் றொக் கேட்க எந்த ஸ்பீக்கர் எடுக்கலாம்?

கேள்வி கேட்ட தம்பி கல்முனையில் இருக்கிறார். 12க்கு 10 அடி அறை, டைல்ஸ் பதித்த நிலம். றொக் பாட்டு என்றால் பேஸ், அதாவது அடித்தொனி, அதிரத்தானே வேணும், 12 இஞ்சி வூஃபர் (பேஸ் தரும் கூம்பு) போட்ட, நிலத்தில் நிற்கிற பெரிய டவர் சோடி எடுக்கவா என்று கேட்கிறார்.

எடுக்காதீங்க தம்பி. மட்டக்களப்புக் கல்லடியில் இதே அளவு அறைக்குள் அப்படி ஒரு சோடியை வைத்து ஒரு வருசம் தலையிடிபட்டவன் நான். முதல் நாளே அலுமாரிக் கண்ணாடி கிடுகிடுத்தது. அடுக்களைக்குள் இருந்து அம்மா, "வாசலில லொறி ஏதும் வந்து நிக்கிதா மனே?" என்று கேட்டா.

பிழை ஸ்பீக்கரில் இல்லை. ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 345 மீற்றர் ஓடும். 10 அடி இடைவெளியில் எதிரெதிரே இரண்டு சீமெந்துச் சுவர் நின்றால், 56, 57 ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு அத்தனை அதிர்வு) பக்கத்து ஒலி அங்கே தானாகவே வீங்கும். பேஸ் கிற்றாரின் ஏ தந்தியைச் சும்மா தட்டினாலே 55 ஹேர்ட்ஸ். அப்ப அந்தச் சுரம் வரும்போதெல்லாம் அறை குமுறும், மற்றச் சுரங்கள் அதற்குள் அமுங்கிப்போகும். வூஃபர் பெரிசாகப் பெரிசாகக் குமுறலும் கூடும். கதிரையைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டால் இன்னும் மோசம். நட்டநடுவில் போட்டால் அதே பேஸ் காணாமல் போகும். பின்சுவரில் இருந்து மூன்றில் ஒரு பங்கு முன்னுக்கு வந்து இருந்து பாருங்க.

இன்னொன்று, றொக்கின் உயிர் பேஸில் இல்லை, தாழ்ந்ததும் கீச்சென்றதும் அல்லாத நடுப்பகுதி ஒலியில் இருக்கிறது. மின் கிற்றாரின் தடித்த தந்தி 82 ஹேர்ட்ஸில் தொடங்கும். கிற்றார் அம்ப்பில் (சத்தத்தைக் கூட்டும் பெட்டி) இருக்கிற ஸ்பீக்கருக்குக் கீச்சொலி தரும் ட்வீட்டரே கிடையாது, 5000 ஹேர்ட்ஸ் தாண்டினால் அதன் சத்தம் விழுந்துவிடும். பாடுகிறவர் குரல், ஸ்னேர் ட்ரம்மின் அடி எல்லாம் அந்த இடைவெளிக்குள்தான் நெரிபடும். அங்கே தெளிவில்லாத ஸ்பீக்கரில் இரண்டு கிற்றார் சேர்ந்தால் ஒரு இரைச்சல்தான் கேட்கும். அதனால் ஆறரை இஞ்சி வூஃபரும் ஒரு ட்வீட்டரும் உள்ள புத்தகத் தட்டு அளவுச் சோடியே உங்கள் அறைக்குக் காணும். பேஸுக்காகப் பெட்டியில் விடுகிற காற்றுத் துளை முன்பக்கம் இருந்தால் நல்லம், அல்லது முழுக்க அடைத்த பெட்டி.

பெட்டியில் ஒட்டியிருக்கும் பி.எம்.பி.ஓ. வாட்ஸை, அதாவது விளம்பரத்துக்காக ஊதிப் பெருப்பித்த கணக்கைப் பார்த்து மயங்கவேண்டாம். பார்க்கவேண்டியது சென்சிடிவிட்டி, அதாவது 1 வாட் கொடுத்தால் 1 மீற்றர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்பது. 84 டெசிபல் ஸ்பீக்கரை 90 டெசிபல் ஸ்பீக்கர் அளவுக்குச் சத்தமாக்க நாலு மடங்கு சக்தி வேணும். பிபிசி தன் வெளிக்கள ஒலிபரப்பு வான்களுக்காக உருவாக்கிய எல்.எஸ்.3/5ஏ குரலுக்கு அருமையான பெட்டி, ஆனால் 83 டெசிபல் அளவுதான். றொக்குக்கு அதை உலுக்கி எழுப்பவேண்டும். கிளிப்ஷ் கம்பனி மாதிரிக் குழல் ட்வீட்டர் வைத்தவை 90க்கு மேலே போகும், சின்ன அம்ப்பிலேயே அடி விழும். என்ன, டைல்ஸ் நிலத்தில் காதைக் கீறும், கீழே ஒரு பாய் விரிக்கவேண்டி வரும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு தொடங்கினால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. கோயில் குழாயோடு போட்டி போடுகிற ஸ்பீக்கரை இன்னும் எந்தக் கம்பனியும் செய்யவில்லை.

பழைய ஜப்பான் சாமான் எடுக்கிற எண்ணம் இருந்தால், வலையைக் கழற்றச் சொல்லி வூஃபரின் விளிம்பைப் பாருங்க. என் டவர் சோடியில் அது ஸ்பொஞ். கடைக்காரர் "புதுசு மாதிரி" என்றுதான் தந்தார். ஒரு மாரி போனது, ஒரு பின்னேரம் விரலால் மெல்லத் தொட்டேன். ஈரக் கரி மாதிரிப் பிசுபிசுவென்று விரலோடு வந்துவிட்டது. அந்த ஸ்பொஞ்சுக்கு ஈரக்காற்று எமன். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல் என்று இருக்கிற நமக்கு றப்பர் விளிம்புதான் சரி. வயர் முனைகளிலும் பச்சைக் களிம்பு ஏறும், வருசத்தில் ஒருக்கா அரை இஞ்சி வெட்டிப் புதுச் செம்பைப் பூட்டுங்க.

கேட்டுப் பார்க்கப் போகும்போது உங்கள் பாட்டையே பென்டிரைவில் கொண்டுபோங்க, அதிலும் கொஞ்சம் பழைய பதிவாக. 2008இல் வந்த மெட்டாலிகாவின் 'டெத் மேக்னடிக்' சீடியில் சத்தத்தைக் கூட்டிக் கூட்டி அலையின் உச்சியையே வெட்டிவிட்டார்கள். அதைப் போட்டுக் கரகரப்புக் கேட்டால் ஸ்பீக்கரைத் திட்டவேண்டாம். முதலில் மெல்லிய சத்தத்தில் வைக்கச் சொல்லுங்க. அப்பவும் பேஸ் கிற்றாரையும் கிக் ட்ரம்மையும் பிரித்துக் கேட்க முடிந்தால் எடுக்கலாம்.

அம்ப்புக்கு 8 ஓமில் நேர்மையான 40, 50 வாட்ஸ் போதும். ஜப்பானில் இருந்து வந்ததென்றால் பின்பக்கத் தகட்டில் 100 வோல்ட் என்று இருக்கலாம். இடையில் ஒரு ட்ரான்ஸ்ஃபோமர் இல்லாமல் நம்மட 230 வோல்ட்டில் சொருகினால் புகைதான். உங்கள் அறையில் கதவும் ஜன்னலும் எந்தச் சுவரில் என்று எழுதுங்க, பெட்டியை எந்தப் பக்கம் வைப்பதென்று சொல்கிறேன்.