தாய்லாந்தின் 'லாங் நெக்' கிராமங்கள்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

மதுரையிலிருந்து ஒருவர்: அக்கா, அடுத்த மாதம் சியாங் மாய் போகிறோம். பேக்கேஜில் 'லாங் நெக் வில்லேஜ்' என்று இருக்கிறது. அங்கே கழுத்தில் வளையம் போட்டிருக்கும் பெண்கள் யார்?

கயான் இனத்தவர். பூர்விகம் மியான்மரின் கயா மாநிலம். 1980களின் பிற்பகுதியில் மியான்மர் ராணுவத்துக்கும் அந்த மாநிலத்தின் கரென்னிப் போராளிகளுக்கும் நடந்த சண்டைக்குத் தப்பி, எல்லை தாண்டி தாய்லாந்தின் மே ஹாங் சோன் மாகாணத்துக்கு வந்தார்கள். மற்ற அகதிகள் முகாமுக்குப் போக, கழுத்தில் பித்தளை வளையம் போட்ட பெண்களின் குடும்பங்கள் பல, பயணிகள் பார்ப்பதற்கென்றே தனிக் கிராமங்களில் குடியமர்த்தப்பட்டன. சியாங் மாய் பக்கம் இருப்பது அதற்கும் பிறகு, வியாபாரத்துக்காகவே உருவானது.

திருப்பூரிலிருந்து: போட்டோவுக்கு நிற்பதெல்லாம் ஒரு வேலையா?

வேலைதான். பல கிலோ பித்தளையைக் கழுத்தில் சுமந்துகொண்டு தறியில் உட்கார வேண்டும். வண்டி வந்தால் சிரிக்க வேண்டும், சிலர் கிட்டார் வாசித்துப் பாடவும் வேண்டும். பக்கத்தில் வந்து தோளில் கை போடுகிறவரையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். முன்பு பல கிராமங்களில் நுழைவுச்சீட்டு 250 பாட் (தாய்லாந்துப் பணம்) இருந்தது. ஒரு பெண்ணுக்கு மாதம் சுமார் 1,500 பாட் என்று பல ஆண்டுகளாகச் செய்திகளில் வந்திருக்கிறது. அந்தக் கணக்கில் ஆறு பேர் வாங்கும் டிக்கெட், அவளுடைய ஒரு மாதச் சம்பளம்! அதுவும் வளையம் போட்டிருந்தால்தான். கழற்றினால் பணம் நின்றுவிடும். மற்றபடி துண்டு, சால்வை விற்றால் உண்டு. மழைக்காலத்தில் அதுவும் படுத்துவிடும்.

சேலத்திலிருந்து: கழற்றினால் கழுத்து ஒடிந்துவிடும் என்கிறார்களே?

பொய். கழுத்து நீள்வதே இல்லை. பாரம் கழுத்துக்குக் கீழே உள்ள காறை எலும்பைக் கீழே தள்ளுகிறது, அவ்வளவுதான். கழற்றிவிட்டு நன்றாக வாழும் பெண்கள் இருக்கிறார்கள்.

நெல்லையிலிருந்து: பிடிக்காவிட்டால் வேறு வேலைக்குப் போகலாமே?

எப்படிப் போவது? பலருக்குக் குடியுரிமை இல்லை. அனுமதி இல்லாமல் பகுதியை விட்டு வெளியே வேலை தேட முடியாது. எனக்கு மனசு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. சுமார் 20 பேரைக் குடியேற்றிக்கொள்ள நியூசிலாந்தும் பின்லாந்தும் முன்வந்தன. தாய்லாந்து அரசு வெளியேற அனுமதி தராமல் வருடக்கணக்கில் இழுத்தடித்தது. 2008-இல் ஐ.நா. அகதிகள் அமைப்பின் பேச்சாளரே இந்தக் கிராமங்களுக்குப் போகாதீர்கள் என்று கேட்கும் அளவுக்கு நிலைமை வந்தது. குறைந்த கூலியை விட, விட்டுப் போக வழியில்லாததுதான் இங்கே பெரிய கொடுமை.

சென்னையிலிருந்து: கொரோனா சமயத்தில்?

2020-இல் பயணிகள் வரத்து நின்றதும் வருமானமும் நின்றது. சிலர் கயா மாநிலத்துக்கே திரும்பினார்கள். 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அங்கேயும் சண்டை.

மதுரைக்காரரே மறுபடியும்: அப்போ போகவா, வேண்டாமா?

அந்த பேக்கேஜ் வேண்டாம். ஆனால் யாருமே போகாவிட்டால் முதலில் அடி வாங்குவது அந்தப் பெண்கள்தான். நேரம் இருந்தால் மே ஹாங் சோன் வரை போங்கள். பாய் ஆற்றில் படகில் போனால் ஹுவாய் பு கெங் என்ற கயான் கிராமம் வரும். அங்கே ஊர்க்காரர்கள் வீட்டில் தங்கலாம், நெசவு கற்றுக்கொள்ளலாம். சால்வையை நெய்தவரிடமே வாங்குங்கள், பேரம் வேண்டாம். போட்டோ எடுக்கும் முன் கேளுங்கள். வளையம் போடாத பெண்ணின் கடையிலும் ஏதாவது வாங்குங்கள்.