முதலில் ஃபிட்டிங்கைக் காட்டுங்கள்: காப்பர் பைப் பிரஸ் கருவி பற்றிய கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிரஸ் கருவியைப் பற்றித்தான்: பைப்பை இணைக்கும் எல்போ, கப்ளிங் போன்ற ஃபிட்டிங்கைத் தீ இல்லாமல் பைப்பின் மேல் அழுத்தி இறுக்கும் கருவி. கருவியின் நிறம் முதல் பேட்டரி வரை எழுதியவர்கள், எந்த ஃபிட்டிங்கில் போடப் போகிறார்கள் என்பதை மட்டும் எழுதவில்லை. இரண்டு பேர் விதிவிலக்கு. அவர்கள் வாழ்க.

சிங்கப்பூரில் பிளம்பிங் வேலை பார்க்கிறேன். 12 வோல்ட் சின்னக் கருவி போதுமா, 18 வோல்ட்டுக்குப் போகணுமா?

வோல்ட்டை விடுங்கள், பைப் அளவைச் சொல்லுங்கள். வீட்டுக்குள் 15, 22, 28 மி.மீ. தான் என்றால் சின்னது தாராளம். அவை 19 முதல் 24 கிலோநியூட்டன் வரை அழுத்தும், 28 தாண்டிக் கொஞ்ச தூரம் வரும். 42, 54 என்று ரைசர் (மாடிக்கு மாடி ஏறும் பெரிய பைப்) வேலை வந்தால் 32 கிலோநியூட்டன் பெரியது வேண்டும். அதுவும் மாதத்துக்கு ஒரு தடவைதான் என்றால் வாடகைக்கு எடுங்கள். பெரியது ஜாவோடு (ஃபிட்டிங்கைக் கடிக்கும் தாடை) சேர்ந்து 5 கிலோவை நெருங்கும். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே கையைத் தூக்கி நாள் முழுக்க அழுத்திப் பாருங்கள், ராத்திரி தோள்பட்டை மிச்சத்தைச் சொல்லும்.

பிரஸ் போடும்போது பைப்பை வெட்டிய முனையில் பிசிறு எடுக்கணுமா? தீயே இல்லாத வேலைதானே?

எடுக்கணும். உள்ளேயும் வெளியேயும். பிசிறு ஃபிட்டிங்குக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கீறிவிடும், தீ இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

ஆன்லைனில் 12 டன் ஹைட்ராலிக் கருவி வாங்கினேன். எல்லாப் பைப்புக்கும் ஆகும் என்று போட்டிருந்தார்கள். 22 மி.மீ. எல்போ எல்லாம் கசிகிறது. கருவியில் சக்தி குறைவா? (கோயம்புத்தூர்)

எந்தக் கம்பெனி ஃபிட்டிங், ஜாவில் என்ன பொறித்திருக்கிறது, இரண்டும் கடிதத்தில் இல்லை. 12 டன் மட்டும் இரண்டு முறை இருக்கிறது.

டன் கணக்கு என்பது விற்கிறவர்கள் கிளப்பிவிட்ட பைத்தியம். நான் மேலே சொன்ன 32 கிலோநியூட்டன் என்பது சுமார் 3 டன் சொச்சம். ஜாவுக்குப் பதில் மாட்டும் ரிங்குகளோடு 108 மி.மீ. காப்பர் பைப்பையே அது மூடிவிடுகிறது. உங்கள் 22 மி.மீ. எல்போவுக்கு 12 டன் எதற்கு? பலம் இருந்தால் ஆயிற்றா, அது விழ வேண்டிய இடத்தில் விழ வேண்டாமா? அதைத் தீர்மானிப்பது ஜாவின் வடிவம்.

காப்பரில் பெரும்பாலும் இரண்டு வடிவம்தான். ஃபிட்டிங்கின் வாயில் ரப்பர் வளையம் உட்காரும் புடைப்பு இருக்கிறதே, V ஜா அதன் முன்னும் பின்னும் கடிக்கும். M ஜா புடைப்பையும் அதன் ஒரு பக்கத்தையும் கடிக்கும். வீகா கம்பெனியின் புரோஃபிபிரஸ் V, கெபரிட்டின் மேப்பிரஸ் M. TH, U என்று பொறித்தவை அலுமினியம் வைத்த பிளாஸ்டிக் பைப்புக்கானவை. 'எல்லாப் பைப்புக்கும்' என்று வரும் பெட்டியில் பாதி நேரம் இவைதான் கிடக்கும்.

நானும் பட்டவன்தான். ஒரு ஹோட்டல் வேலையில் ஃபிட்டிங் V, கடையிலிருந்து வந்த ஜா M. அவசரத்தில் யாரும் பொறிப்பைப் படிக்கவில்லை, நான் உட்பட. நாற்பது இணைப்பு போட்டோம். சாயங்காலம் டெஸ்ட்டில் அழுத்தம் இறங்காமல் நின்றது. காலையில் சீலிங் பலகையில் வட்ட வட்டமாக ஈரம். நாற்பதையும் அறுத்தோம். அதில் ஒரு எல்போவை நெடுக்கில் பிளந்து இன்னும் மேஜையில் வைத்திருக்கிறேன். வளையம் ஒரு பக்கம் தோசை மாதிரி நசுங்கியிருக்கிறது, மறுபக்கம் புதுசாகவே இருக்கிறது. வேலை கேட்டு வரும் பையன்களிடம் முதலில் அதைத்தான் கையில் கொடுப்பேன்.

உங்கள் எல்போக்களை அறுத்து எறியுங்கள். அதே இணைப்பின் மேல் சரியான ஜாவைப் போட்டு இன்னொரு தரம் அழுத்தலாமா என்று அடுத்த கடிதம் எழுதாதீர்கள். கூடாது.

சென்னையில் ஏசி வேலை. அரை அங்குல பைப் கையில் நிறைய இருக்கிறது. பிளம்பிங் பிரஸ் கப்ளிங் போட்டு இணைக்கலாமா?

முதலில் அது உட்காராது. ஏசிக்காரர் சொல்லும் அரை அங்குலம் வெளிவிட்டம், 12.7 மி.மீ. அமெரிக்கப் பிளம்பிங் கணக்கில் அரை அங்குலம் என்பது வெளியே கிட்டத்தட்ட 16 மி.மீ. அப்புறம், தண்ணீர் ஃபிட்டிங்குகள் பொதுவாக 16 பாருக்குச் செய்தவை. R32, R410A என்ற ஏசி வாயுக்கள் ஓடும் லைன் சித்திரை வெயிலில் 30 பாரைத் தொடும். குளிர்வாயுவுக்கென்றே தனி பிரஸ் ஃபிட்டிங்கும் தனி ஜாவும் உண்டு. அது இல்லையென்றால் நைட்ரஜன் விட்டுக்கொண்டே பிரேசிங் (தீயில் உலோகத்தை உருக்கி ஒட்டுவது).

அளவு பற்றிப் பேசும்போதே இன்னொன்று: அமெரிக்கப் பிளம்பிங்கின் முக்கால் அங்குலப் பைப் வெளியே 22.2, மில்லிமீட்டர் பைப் 22. கையில் பிடித்தால் வித்தியாசமே தெரியாது. இரண்டையும் ஒரே கொட்டகையில் வைக்காதீர்கள்.

பச்சைப் புள்ளி ஃபிட்டிங் மிச்சம் இருக்கிறது. கேஸ் லைனில் போடலாமா? (டொராண்டோ)

கூடாது. பச்சை தண்ணீருக்கு, உள்ளே இருப்பது இபிடிஎம் ரப்பர். கேஸுக்கு மஞ்சள் அடையாளம், எச்என்பிஆர் ரப்பர். ஒன்டாரியோவில் கேஸ் வேலைக்கு டிஎஸ்எஸ்ஏ (அந்த மாகாணத்தின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பு) சான்று வேண்டும். இந்தக் கேள்வியைப் பார்த்தால் உங்களிடம் அது இல்லை என்று தோன்றுகிறது.

துபாயில் பழைய கருவி ஒன்று பாதி விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

எத்தனை தடவை அழுத்தியிருக்கிறது, கடைசியாக எப்போது சர்வீஸ் என்று பாருங்கள். பல மாடல்களுக்கு முப்பதாயிரம் நாற்பதாயிரம் அழுத்தலில் சர்வீஸ் வந்துவிடும். ஜாவைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடியுங்கள். ஜாவின் பாதிகளைச் சேர்க்கும் பின்னுக்கு (pin) அருகே தலைமுடி மாதிரி கோடு தெரிந்தால் விரிசல், அந்த ஜா குப்பைக்கு. அப்புறம் V-யா M-மா என்று படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

அழுத்த மறந்துபோன இணைப்பு டெஸ்ட்டில் தெரியுமா?

நல்ல கம்பெனி ஃபிட்டிங் என்றால் தெரியும். அழுத்தாவிட்டால் கசியும்படியே செய்திருப்பார்கள். ஆனால் முதலில் குறைந்த அழுத்தத்தில் பார்க்கணும், தண்ணீர் என்றால் 1 முதல் 6 பார் வரை. எடுத்த எடுப்பில் ஏற்றினால் வளையம் தானே இறுகி உங்களை ஏமாற்றலாம். பைப் பாதிதான் உள்ளே போயிருக்கிறது என்பதை எந்த டெஸ்ட்டும் அன்றைக்கே காட்டிவிடும் என்று நம்பாதீர்கள். அதற்குத்தான் மார்க்கர் கோடு. போன மாதமும் எழுதினேன், அடுத்த மாதமும் எழுதுவேன்: நுழையும் ஆழத்தை அளந்து பைப்பில் கோடு போடுங்கள், அழுத்திய பிறகும் கோடு அதே இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். பத்து ரூபாய் மார்க்கர்.

என் கணவர் பிளம்பர். பிறந்தநாளுக்கு பிரஸ் கருவி வாங்கித் தரலாம் என்று இருக்கிறேன். எந்தக் கம்பெனி நல்லது? அவருக்குத் தெரியக்கூடாது.

அவர் தூங்கும்போது கருவிப் பையிலிருந்து ஒரு ஃபிட்டிங்கை எடுத்து, அதில் பொறித்திருப்பது தெரியும்படி படம் பிடித்து அனுப்புங்கள் அம்மா. அப்புறம் கம்பெனி பெயர் சொல்கிறேன்.