காற்றுக்கு முந்திய உப்பு

கேள்வி: நேபாளத்து முக்திநாத் யாத்திரையில் காளி கண்டகி ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக ஜீப்பில் போனோம். "ரோடு போடுவதற்கு முன் இங்கே ஈ, காக்கைகூட வந்திருக்காது" என்கிறார் என் கணவர். சரியா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: சரியில்லை, அம்மா. அங்கே ரோடுதான் நேற்றுப் பிறந்த பிள்ளை. இந்த நூற்றாண்டில் வந்தது. அதற்குப் பல தலைமுறை முன்பே அந்தப் பள்ளத்தாக்கு திபெத் வியாபாரத்தின் ராஜபாட்டை.

காரணம் எளிது. ஒரு பக்கம் தௌலாகிரிச் சிகரம் 8,167 மீட்டர், மறுபக்கம் அன்னபூர்ணாச் சிகரம் 8,091. நடுவே ஆற்றங்கரையில் இருக்கும் துகுச்சே கிராமமோ சுமார் 2,600 மீட்டர்தான். இமயத்தில் ஏறாமல் இமயத்தைக் கடக்க வேறென்ன வேண்டும்? திபெத்து ஏரி உப்பும் கம்பளியும் யாக், கோவேறு கழுதைகளின் முதுகில் தெற்கே இறங்கின; தானியம் வடக்கே ஏறியது. இரண்டும் கைமாறிய சந்தை துகுச்சே. நேபாள அரசிடம் 'சுப்பா' பட்டம் பெற்ற, அந்தப் பள்ளத்தாக்கின் தகாலி இனப் பெரியவர்கள் உப்புக் குத்தகை எடுத்துக் கொழித்தார்கள். முற்றம் வைத்த அவர்களுடைய பெரிய வீடுகளை ஜீப் ஜன்னல் வழியே பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டால் டிரைவரைத்தான் குறை சொல்ல வேண்டும்.

அந்த வழியில் அதிகாரம் காற்றுக்குத்தான். வெயில் ஏற ஏற வடக்கே முஸ்தாங் மேட்டுநிலம் சூடாகி, தெற்கிலிருந்து காற்றை உறிஞ்சும். முற்பகல் தாண்டினால் மணலும் கூழாங்கல்லும் பறக்கும். பள்ளத்தாக்கின் விமான நிலைய ஊரான ஜோம்சோமுக்கு விமானங்கள் காலையிலேயே வந்து போவதும் இதனால்தான். ரோடு வராத காலத்தில் நான் ஜோம்சோமிலிருந்து வடக்கே காக்பேனி கிராமத்துக்கு நடந்தேன். போகும்போது காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது. அந்தத் தெம்பில் மறுநாள் தாமதமாகத் திரும்பப் புறப்பட்டேன். ராத்திரிச் சாப்பாடு வரை பல்லிடுக்கில் மணல். உப்புச் சுமையோடு தெற்கே வந்தவர்களுக்கும் இதே எதிர்க்காற்றுதானே.

அந்த வியாபாரத்தை முடித்து வைத்தது ரோடு அல்ல. 1959க்குப் பிறகு திபெத்து எல்லையில் கெடுபிடி. தெற்கேயிருந்து மலிவாக வந்து சேர்ந்தது இந்தியக் கடலுப்பு. வியாபாரக் குடும்பங்கள் பல பொக்கராவுக்கும் காத்மாண்டுவுக்கும் இறங்கிவிட்டன. துகுச்சேயில் நான் தங்கிய விடுதி ஒரு பழைய வியாபாரி வீடு. பருப்பில் உப்புக் குறைவு என்றேன். அந்த வீட்டம்மாள் எடுத்து வந்து வைத்தது இந்தியப் பொட்டலம்.